இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு படம்

திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் இடையில் மே, ஜூன் மாதங்களில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக இரண்டு விதமான ப்ளெக்ஸ்களைப் பார்க்கலாம். கல்யாண மண்டபத்து வாசலில் ஒன்று. பட்டுச்சேலை, மாலை, நெற்றிச்சுட்டியோடு ஒரு சிறுமி நிற்பாள், சுற்றிலும் தாய்மாமன்மார் பெயர்கள் இருக்கும். பூப்பு நன்னீராட்டு விழா என்று அச்சடித்திருப்பார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் அது தெரட்டி. கொஞ்சதூரம் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தின் நீண்ட மதில்மேல் இன்னொன்று. பாஸ்போர்ட் அளவு முகங்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே மார்க்.

என்னிடமும் இந்த இரண்டு படங்கள் இருக்கின்றன. ஏழாவது முடிந்த லீவில் எடுத்த தெரட்டி ஆல்பம் ஒன்று. 2010இல் பிளஸ் டூ முடித்தபோது பத்திரிகை விளம்பரத்தில் தபால்தலை அளவில் வந்த என் முகம் இன்னொன்று. அதை அப்பா வெட்டி லேமினேட் செய்து வைத்திருக்கிறார். நடுவில் ஐந்து வருடம் ஆஸ்டலில் இருந்தேன். வகுப்பு குரூப் போட்டோக்களில் முன்வரிசைக்காரியின் ரிப்பனுக்குப் பின்னால் பாதி முகம் தெரிவதைத் தவிர, அந்த ஐந்து வருடத்துக்குப் படம் எதுவும் கிடையாது.

பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளி வாழ்க்கையை எடுத்துக்கொள்ளும் சுயாதீனப் படங்கள் உலகமெங்கும் பேசப்படும்போதெல்லாம் எனக்கு இந்த இடைவெளிதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் படங்கள் அத்தனையும் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கின்றன. பிள்ளைகளை ஆஸ்டலில் சேர்ப்பதில் தமிழ்நாட்டிலேயே பேர்போன கொங்கு நாட்டில், இதைப் பற்றி ஒரு படம்கூட ஏன் பிறக்கவில்லை என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதல் தடை நம் சொல்லிலேயே இருக்கிறது. இந்த வகைக் கதைக்கு, வளர்ந்து ஆளாகும் கதைக்கு, தமிழில் பெயர் சூட்டப் போனால் "வயசுக்கு வருதல்" என்ற சொல்தான் வாயில் வரும். ஆனால் பெண் விஷயத்தில் நாம் அந்தச் சொல்லை ஒரு நாளுக்குக் கொடுத்துவிட்டோம். குடிசை கட்டி, தண்ணீர் ஊற்றி, மாமன் சீர் வந்து, விருந்து முடிந்தால் அவள் வயசுக்கு வந்தாயிற்று. அடுத்த செய்தி மார்க்கு, அதற்கடுத்தது மாப்பிள்ளை. சினிமாவில் இந்த வகைப் படம் செய்வது நேர் எதிரான வேலை. சீர் முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் காலையில்தான் அது தொடங்குகிறது.

பழைய இலக்கியம் பெண்ணின் வயதை நம்மைவிட நுணுக்கமாகப் பிரித்திருக்கிறது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம். பாட்டியல் என்ற இலக்கண நூல்களின் கணக்கில் 14 முதல் 19 வரை மடந்தை, அதாவது சரியாக ஆஸ்டல் வயது. இந்தப் பிரிவினை அதிகம் பயன்பட்ட இடம் உலா இலக்கியம். அங்கே பேதைக்கு மட்டும் இன்னும் விவரம் தெரியாது. மற்றவர்கள் வீதியில் பவனி வரும் தலைவனைக் கண்டு உருகி நிற்பார்கள். ஏழு பருவத்தையும் இவ்வளவு கூர்மையாகப் பார்த்த புலவர்கள், அந்தப் பெண்கள் வீதியை விட்டு உள்ளே போனபிறகு தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. எனக்கு அந்தப் பேச்சுதான் வேண்டும்.

அந்தப் பேச்சைக் கேட்கிற படம் ஒன்று அண்மையில் வந்தது. ஷுச்சி தலாட்டி எழுதி இயக்கிய முதல் முழுநீளப் படமான 'கேர்ள்ஸ் வில் பி கேர்ள்ஸ்'. இந்திய-பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பு. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, உலக நாடகப் படங்களுக்கான பார்வையாளர் விருதை வாங்கியது. நாயகியாக நடித்த ப்ரீத்தி பாணிக்ரஹிக்கு நடுவர்களின் சிறப்பு விருது கிடைத்தது. 2024 டிசம்பரில் அமேசான் பிரைமில் வந்ததால்தான் என்னைப் போன்றவர்கள் பார்க்க முடிந்தது. பத்து லட்சம் டாலருக்குள் எடுக்கப்பட்ட படங்களுக்கு அமெரிக்காவில் தரும் ஜான் காசவெட்டிஸ் விருதையும் 2025இல் பெற்றது.

இமயமலை அடிவாரத்தில், 1990களில், கண்டிப்பான ஒரு விடுதிப் பள்ளி. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பள்ளி. அங்கே மீரா தலைமை மாணவியாகிறாள். படிப்பிலும் ஒழுங்கிலும் பள்ளிக்கூடமே உதாரணம் காட்டுகிற பிள்ளை. ஸ்ரீ என்ற புதுப் பையன் வருகிறான். அவளுக்குள் ஏதோ திறக்கிறது. பரீட்சை நேரத்தில் மகளோடு இருக்க அம்மா அனிலா அந்த ஊருக்கு வந்து தங்குகிறாள். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் கனி குஸ்ருதி. மகளின் பழக்கத்தைத் தடுத்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று, பையனை வீட்டுக்கே வரச் சொல்கிறாள். அவன் அம்மாவிடமும் கனிவாகப் பேசுகிறான். அந்தக் கனிவு அவளுக்கும் வேண்டியிருக்கிறது. மகளுக்கு அது பொறுக்கவில்லை.

படத்தின் பலம் முழுக்க இந்த மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் அறைதான். காதல் கதையாகத் தொடங்குவது, மெல்ல மெல்ல அம்மாவுக்கும் மகளுக்குமான கதையாக மாறிவிடுகிறது. என் பார்வையில் அனிலா கெட்ட அம்மாவும் இல்லை, தியாகத் தாயும் இல்லை. மகளுக்கு இப்போது நடப்பது தனக்கு நடக்காமலே போய்விட்டது என்பதை அந்த அறையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கிற பெண் அவள்.

என் அம்மாவுக்குப் பத்தாவது முடித்த இரண்டாம் வருடம் கல்யாணம். மாதத்தில் ஒரு ஞாயிறு பார்வையாளர் நாள். காங்கேயம் பக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி, தூக்குப்போசியில் கறிக்குழம்போடு வருவார். வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்போம். அப்பா மார்க் ஷீட்டைப் பார்ப்பார். அம்மா என் தலையை அவிழ்த்து, எண்ணெய் தேய்த்து, ஈர் பார்த்துப் பின்னிவிடுவார். ஒருமுறை பின்னிக்கொண்டே, அப்பாவுக்குக் கேட்காமல், "ராத்திரிக்கி லைட்டெல்லாம் அமத்துன பொறகு என்ன பேசிக்குவீங்க கண்ணு?" என்றார். "ஒண்ணும் பேசறதில்லீங்மா, தூங்கிருவோம்" என்றேன். வார்டனிடம் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் சொன்ன பொய் அது. அவர் உளவு பார்க்கக் கேட்கவில்லை, அப்படி ஒரு ராத்திரி தனக்கு வாய்க்கவில்லையே என்று கேட்டார் என்பது அனிலாவைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் படத்தில் ஒரு படிக்கட்டு வருகிறது. மாடிப்படி ஏறும் பெண்களைக் கீழே நின்று பையன்கள் படம் எடுக்கிறார்கள். மீரா புகார் சொல்கிறாள். பெண்பிள்ளைகள்தான் பாவாடை நீளத்தைக் கவனிக்க வேண்டும் என்ற இடத்துக்குப் பேச்சு போகிறது. விதிகளை நம்பிய பிள்ளைக்கு அந்த விதிகள் யாருக்காக எழுதப்பட்டவை என்று தெரியவரும் இடம் அது.

நான் படித்த பள்ளியில் இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. பையன்களுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. வகுப்பறை ஒன்றுதான், நடுவில் நடைவழி. அண்ணன் தம்பியாகவே இருந்தாலும் வளாகத்துக்குள் பேசக் கூடாது. என் தோழி ஒருத்தி, அப்பாவுக்கு ஆக்சிடென்ட் என்ற தகவலைத் தன் சொந்தத் தம்பியிடம் சொல்ல வார்டனிடம் அனுமதிச்சீட்டு வாங்கினாள். சேர்க்கைக்கு வந்த பெற்றோருக்கு அந்த இரண்டு படிக்கட்டுகளைத்தான் முதலில் காட்டுவார்கள், லேப் எல்லாம் அப்புறம்தான்.

இந்தப் பயம் வெறும் ஒழுக்கப் பயம் என்று நினைத்தால் கொங்கு நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. இங்கே பிள்ளைக்குக் காதல் வந்துவிட்டது என்றால் வீட்டில் எழும் முதல் கேள்வி, பையன் எந்தச் சாதி என்பது. 2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைமேல் அர்த்தநாரீசுவரர் கோயிலில் உடன்படித்த தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் கடத்திக் கொல்லப்பட்டார். உடல் ரயில் தண்டவாளத்தில் கிடைத்தது. 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பாக நிற்கும் சாமியின் சன்னிதியில் இருவர் பேசியதற்குத்தான் அந்த விலை. வடக்கத்தி மலைப் பள்ளியில் மீரா மாட்டிக்கொண்டால் அவள் இழப்பது நற்பெயரை. இங்கே அதே கதையை எழுதுகிறவர் இந்த ரயில் பாதையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சரி, இத்தனை ஆஸ்டல்கள் இங்கே எப்படி வந்தன? மழையை நம்பிய காட்டில் பிழைப்பு நிற்காமல், இந்தப் பகுதி ஜனங்கள் லாரி வாங்கினார்கள், ரிக் வண்டி வாங்கி ஆழ்துளைக் கிணறு போட வடமாநிலங்களுக்குப் போனார்கள், கோழிப்பண்ணை வைத்தார்கள், தறி போட்டார்கள். பலபேர் பங்கு போட்டுத் தொழில் நடத்துவது இங்கே பழகிய வழி. பள்ளிக்கூடங்களும் அப்படித்தான் பல இடங்களில் முளைத்தன. மாதக்கணக்கில் வண்டியோடு வெளியே கிடக்கும் அப்பாவுக்கும், ஆங்கிலப் பாடம் சொல்லித்தர முடியாத அம்மாவுக்கும் ஆஸ்டல் ஒரு தீர்வாகத் தெரிந்தது. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் தலைமுறைப் பெண்கள் காட்டை விட்டு வெளியே வந்தது இந்தக் கதவு வழியாகத்தான்.

அந்தக் கதவை இறுக்கியது ஒரு கொள்கை மாற்றம். தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வைத் தமிழக அரசு 2007 சேர்க்கையிலிருந்து எடுத்துவிட்டது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நல்லது செய்த முடிவு. ஆனால் அதற்குப் பிறகு பத்து வருடம், மருத்துவமோ பொறியியலோ, எல்லாம் பிளஸ் டூ மார்க் ஒன்றில் தொங்கின. 1200க்கு எத்தனை என்பதுதான் ஒரு பிள்ளையின் அடையாளம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பிராய்லர் கோழிப் பள்ளி என்று பத்திரிகைகள் எழுதின. 2017இல் நிலைமை மாறியது. ரேங்க் அறிவிப்பு நின்றது, மருத்துவத்துக்கு நீட் வந்தது, பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பெல் மட்டும் மாறவில்லை. இப்போதும் விடியும் முன்னே அடிக்கிறது.

இதே சாலைகளில், பல்லடம், உடுமலை, அவிநாசி பக்கமாகப் போனால் இன்னொரு வகை ஆஸ்டலும் இருக்கிறது. நூற்பாலை விடுதிகள். தென்மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் வந்த பெண்பிள்ளைகள், பலர் எங்கள் வயதுக்காரிகள், சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருட ஒப்பந்தத்தில் அங்கே அடைந்து கிடந்தார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாகப் பேச்சு. அங்கேயும் வார்டன், கேட், மாதம் ஒருமுறை பெற்றோர். எங்களுக்குச் சொன்ன அதே வார்த்தைதான் அவர்களுக்கும்: "மூணு வருசம் பல்லக் கடிச்சுக்க சாமி, அப்பறம் நீ ராணி." எங்கள் பக்கம் முடிவில் ஒரு காலேஜ் சீட்டு கிடைத்தது, அவர்கள் பக்கம் பலருக்கு உடம்பு கெட்டுப்போய்ப் பேசிய தொகையும் முழுசாக வரவில்லை. இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மதிலுக்குள்ளும் அந்த வயது, கடித்துக்கொண்டு கடக்க வேண்டிய ஒன்றாகத்தான் வைக்கப்பட்டிருந்தது. கொங்கு நாட்டில் யாராவது இந்தப் படத்தை எடுத்தால், பள்ளி பஸ்ஸும் மில் வேனும் விடியற்காலையில் ஒரே டீக்கடை முன்னால் கடக்கும் ஒரு காட்சியாவது அதில் இருக்க வேண்டும்.

சினிமாவுக்கு இந்தக் கதை புதிது ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் 1931இலேயே லியோன்டின் சாகன் என்ற பெண் இயக்கிய 'மேட்சன் இன் யூனிபார்ம்' வந்துவிட்டது. கிறிஸ்டா வின்ஸ்லோ எழுதிய நாடகத்திலிருந்து பிறந்த படம். ராணுவக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளி, நடித்தவர்கள் எல்லாரும் பெண்கள், ஓர் ஆண்கூடத் திரையில் கிடையாது. பெரிய ஸ்டூடியோவை நம்பாமல் கூட்டுறவு முறையில் எடுத்தார்கள். தாயை இழந்த மானுவேலா தன் ஆசிரியைமீது வைக்கும் அன்பை அந்தப் பள்ளி குற்றமாக்குகிறது. படத்தின் முதுகெலும்பே ஓர் உயரமான படிக்கட்டுதான். மானுவேலா அதன் உச்சியில் போய் நிற்கும்போது மற்றப் பெண்கள் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாடகத்தில் அவள் சாகிறாள், படத்தில் தோழிகள் காப்பாற்றுகிறார்கள். ஒரு படிக்கட்டில் மானுவேலா, இன்னொன்றில் மீரா, மூன்றாவதில் நாங்கள். எந்தப் பள்ளியிலும் பிள்ளைகள் எல்லாரும் கடந்தே தீரவேண்டிய இடமும், மேலே நிற்கிறவர் யார், கீழே நிற்கிறவர் யார் என்று காட்டும் இடமும் அதுதான் என்பதால் கேமராவும் அங்கேயே போய் நிற்கிறது போலும்.

சிறிய செலவில் படம் எடுக்கிறவர்களுக்கு விடுதிப் பள்ளி வசதியான களம். ஒரே வளாகம், சீருடை, பெரிய நடிகர்கள் தேவையில்லை, மே மாதம் முழுக்கக் கட்டடம் காலியாகக் கிடக்கும். பெல், பிரேயர், ஸ்டடி, சாப்பாட்டு வரிசை என்று நாள் தானாகவே காட்சிகளாகப் பிரிந்திருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் இடத்தில் சின்ன மீறல்கூடப் பெரிய சம்பவம். தலையணை உறைக்குள் ஒளித்துவைத்த ஒரு வளையல் போதும், பத்து நிமிடக் காட்சிக்கு.

அப்படியிருந்தும் இங்கே ஏன் நடக்கவில்லை? கோவைக்குச் சினிமா புதிதில்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டியது முதலாம் உலகப்போர்க் காலத்தில். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல், பட்சிராஜா ஸ்டூடியோக்கள் என்று ஒரு காலத்தில் சென்னைக்குப் போட்டியாக நின்ற ஊர்கள் இவை. பின்னால் தொழில் சென்னைக்குப் போய்விட, பொள்ளாச்சியும் கோபியும் தென்னந்தோப்பும் வாய்க்காலுமாகப் பின்னணிக் காட்சி ஆகின. எங்கள் பேச்சு நகைச்சுவைக்குப் போனது. எங்கள் பெண்கள் வாய்க்கால் கரையில் தாவணியோடு ஓடினார்கள். ஆஸ்டலுக்குள் யாரும் வரவில்லை.

இன்றைக்கு இருக்கும் பெரிய தடை அனுமதி. பெற்றோரின் பயத்தை நம்பி நடக்கும் நிறுவனம், அந்தப் பயத்தைப் பற்றிய படத்துக்குக் கேட்டைத் திறக்காது. அடுத்தது, பிள்ளைகளை நடிக்க வைப்பது. 15 வயதுப் பெண்ணின் ஆசையை, அவள் உடம்பைப் பண்டமாக்காமல் எப்படிக் காட்டுவது? 'கேர்ள்ஸ் வில் பி கேர்ள்ஸ்' குழு இதற்கு எடுத்த சிரத்தை கவனிக்க வேண்டியது. லைட்டிங் வேலையில் பெண்களே குறைவு என்பதால், அந்த வேலையைப் பெண்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சியைப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ரிச்சா சட்டாவும் ஷுச்சி தலாட்டியும் சேர்ந்து தொடங்கினார்கள். கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது கேமராவுக்கு முன்னால் நிற்கும் பெண்ணின் தோள் எவ்வளவு தளர்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் வீடியோகாரர் முன்னால் நடனமாடிய எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும்.

அதோடு ஊர்க்கோபம். வர்ஷா பரத் இயக்கிய 'பேட் கேர்ள்', ஒரு தமிழ்ப் பெண்ணின் பள்ளிப் பருவத்தில் தொடங்கி அவள் ஆசைகளைப் பின்தொடரும் படம். 2025 தொடக்கத்தில் ரோட்டர்டாம் திரைப்பட விழாவுக்குப் போனபோதே டீசருக்கு இங்கே எதிர்ப்பு கிளம்பி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் தியேட்டருக்கு வந்தது. அது நகரத்துப் பெண்ணின் கதை. அதற்கே இவ்வளவு என்றால், நாமக்கல் ஆஸ்டலில் ஒரு பெண் வேறு சாதிப் பையனுக்குக் கெமிஸ்ட்ரி நோட்டில் எழுதிய மூன்று வரிக்கு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுவது கடினமில்லை.

மொழி விஷயத்தில் மட்டும் இங்கே எடுக்கிறவர்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. மலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இயல்பாக வருகிறது. எங்களுக்குத் தமிழ் பேசினால் அபராதம், சொல்லுக்கு ஒரு ரூபாய். பகல் முழுக்க உடைந்த ஆங்கிலத்தில் பத்து வார்த்தைக்குள் வாழ்வோம். விளக்கு அணைந்ததும் இருபத்துநாலு கட்டில்களும் ஒரே நேரத்தில் குசுகுசுவென்று கொங்குத் தமிழுக்குத் திரும்பும். "ஏம்புள்ள, தூங்கிட்டியா?" "இல்ல புள்ள." அங்கேதான் எல்லாம் நடந்தது. ரத்தப்போக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது, அத்தை மகனை ஏன் பிடிக்கவில்லை, டாக்டர் ஆகாவிட்டால் என்ன ஆகும், செத்துப்போனால் யார் அழுவார்கள். ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்மீது வந்த, பேர் சொல்லத் தெரியாத பிரியமும் அங்கேதான் இருந்தது. ஒலிப்பதிவாளர் ஒருவர் பகலையும் ராத்திரியையும் இப்படிப் பிரித்துக் கொடுத்தால் பாதிப் படம் அதிலேயே வந்துவிடும்.

போன மாதம் ஈரோட்டில் ஒரு கல்யாணத்தில் அறைத்தோழிகள் மூன்று பேர் சந்தித்தோம். ஒருத்தி பல் டாக்டர், ஒருத்தி மஞ்சள் மண்டிக் கணக்கு பார்க்கிறாள். ஆஸ்டலில் நாங்கள் படுத்த ஹாலைப் பற்றிப் பேச்சு வந்தது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பேனாவால் கட்டில்களைப் போட்டுப் பார்த்தோம். யார் எங்கே படுத்தோம் என்பது மூவருக்கும் சரியாக வந்தது. அழும்போது யார் யார் கட்டிலுக்குப் போனோம் என்பதுகூட நினைவிருந்தது. கதவு எந்தச் சுவரில் இருந்தது என்பதில்தான் தகராறு. ஆளுக்கொரு பக்கம் வரைந்தோம். எடுத்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ள எங்கள் யாரிடமும் ஒரு படம் இல்லை.